பாதுகாப்பு இருவரின் பொறுப்பு. முதல் அடி முதலாளியுடையது

கடையிலோ களஞ்சியத்திலோ ஒரு விபத்து நடந்துவிட்டால் நம்மவர்கள் மத்தியில் இரண்டு பேச்சுகள் உடனே எழும். "பொடியன் கவனமில்லாமல் வேலை செய்துவிட்டான்" என்பார் முதலாளி. "எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம்" என்பார் பக்கத்துக் கடைக்காரர். விபத்துக்குக் காரணமான பொருள் மட்டும் அடுத்த நாளும் அதே இடத்தில் கிடக்கும்.

நானும் அப்படிப் பேசியவன்தான். எனது களஞ்சியத்தில் மேல் தட்டிலிருந்து பெட்டி இறக்கிய ஒருவர் ஏணியிலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டார். "பார்த்து ஏறியிருக்கக் கூடாதா?" என்றுதான் முதலில் கேட்டேன். அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "மூன்றாவது படி ஆடுவது எங்கள் எல்லோருக்கும் தெரியும் ஹாஜியார். முந்தி ஒருமுறை கையுறை கேட்டதற்கு ஏசினீர்கள். அதனால்தான் சொல்லவில்லை."

ஏணி வாங்கிக் கொடுப்பது என் கடமை. படி ஆடுகிறது என்று சொல்வது அவர் கடமை. ஆனால் அவர் வாயை அடைத்தவன் நான். பொறுப்பு இருவருக்கும் உண்டு என்று பேசும் நாம் இதனை மறந்துவிடுகிறோம்.

தொழிலாளர்களும் பிழை விடுகிறார்கள் என்பதை மறுக்கவில்லை. கிரைண்டரின் காப்பு மூடியைக் கழற்றிவிட்டு வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள். கொடுத்த சப்பாத்தை மூலையில் போட்டுவிட்டு ரப்பர் செருப்புடன் மூடை தூக்குபவர்களும் இருக்கிறார்கள். அவர்களைத் திருத்தத்தான் வேண்டும். ஆனால் கொள்கலனை இன்றிரவே இறக்கி அனுப்ப வேண்டும் என்று விரட்டுவது யார்? அவசரம் நம்முடையது; முறிவது அவர்களது கை.

எமது நாட்டின் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இயந்திரங்களுக்குக் காப்பு இடுவது போன்ற கடமைகளைத் தொழிற்சாலையை நடத்துபவர் மீது சுமத்துகிறது. பாதுகாப்புச் சாதனங்களை வேண்டுமென்றே குழப்பக் கூடாது என்று தொழிலாளியையும் கட்டுப்படுத்துகிறது. சர்வதேச தொழில் தாபனத்தின் 1981ஆம் ஆண்டு 155ஆம் இலக்க சமவாயமும் தொழிலாளி ஒத்துழைக்க வேண்டும், ஆபத்தை அறிவிக்க வேண்டும் என்கிறது. ஆனால் பாதுகாப்புக்கான செலவைத் தொழிலாளியின் தலையில் கட்டக்கூடாது என்பதும் அதே சமவாயத்தில் உண்டு. கையுறைக்குச் சம்பளத்தில் காசு பிடிக்கும் நம்மவர்கள் இதனைக் கவனிக்க வேண்டும்.

தொழிலாளி தன் பங்கைச் செய்தும் முதலாளி கேளாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்குப் பங்களாதேஷின் ரானா பிளாஸா சாட்சி. 2013 ஏப்ரல் 23ஆம் திகதி அந்தக் கட்டடத்தில் வெடிப்புகள் தென்பட்டன. கீழ்த்தளத்திலிருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. ஆடைத் தொழிலாளர்கள் மறுநாள் உள்ளே போகப் பயந்தார்கள். சம்பளம் வெட்டப்படும் என்று மிரட்டி உள்ளே அனுப்பினார்கள். அன்று காலையே கட்டடம் இடிந்து 1,100க்கும் அதிகமானோர் மாண்டார்கள்.

நம்முடையது சிறிய கடைதானே என்று எண்ண வேண்டாம். சிறிய கடையில் முதலாளியும் தொழிலாளியும் ஒரே கூரையின் கீழ் நிற்கிறார்கள். பேசிக்கொள்வது அங்கேதான் இலகு.

ஏணிச் சம்பவத்தின் பின் நான் செய்வது இவ்வளவுதான். சனிக்கிழமை கடை மூடுமுன் பத்து நிமிடம் எல்லோரையும் கூட்டி, "எதைத் தொட உங்களுக்குப் பயமாக இருக்கிறது?" என்று கேட்கிறேன். சொல்வதை ஒரு கொப்பியில் எழுதி, திருத்தும் நாளையும் எதிரே குறிக்கிறேன். சொன்னவரை ஏசுவதில்லை. புதிதாக வந்தவரைப் பழைய ஆள் ஒருவருடன் சேர்த்து விடுகிறேன். முதல் கிழமை ஒருவரும் வாய் திறக்கவில்லை. இரண்டாம் கிழமை ஒருவர் படிக்கட்டில் எரியாத பல்பைப் பற்றிச் சொன்னார். அன்றே மாற்றினேன். அதன்பின் கொப்பி நிரம்பத் தொடங்கியது. செலவு நான் பயந்த அளவுக்கு வரவில்லை.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டே தவக்குல் வைக்க வேண்டும் என்று ஜும்ஆவில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நம்மிடம் வேலைக்கு வருபவர் அவரது குடும்பம் நம்மிடம் தந்த அமானிதம். காலையில் வந்தவரை மாலையில் சுகமாக வீடு அனுப்புவது நம் கடமை. இந்தச் சனிக்கிழமையே உங்கள் ஆட்களிடம் அந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்.