ஆம்னி சைலன்சருக்கு 7,000 ரூபாயா? வண்டி விலையோட ஒப்பிடாதீங்க



"வண்டியே அறுபதாயிரத்துக்குத்தான் போகும். அதுக்கு ஏழாயிரம் ரூபாய்ல சைலன்சரா?" வீட்டில் பழைய மாருதி ஆம்னி வெச்சிருக்கிற யார்கிட்ட பேசினாலும் இந்தக் கேள்வி வந்துடும். அப்பா வாங்கின வண்டி, இப்போ உங்க கையில். அடியில் சத்தம் நாளுக்கு நாள் கூடுது. மெக்கானிக் ஒரு தொகை சொல்றார். பாதிப் பேர் "வெல்டிங் வெச்சு ஓட்டிக்கலாம்"னு முடிவு பண்றாங்க. மீதிப் பேர் "இதுக்கு மேல செலவு பண்றதுக்கு லோன்ல புது காரே எடுத்துடலாம்"னு ஷோரூமுக்குப் போறாங்க.

ரெண்டு பேருமே தப்பான எண்ணோட ஒப்பிடறாங்கன்றதுதான் என் கருத்து. வண்டியை வித்தா என்ன கிடைக்கும்ன்றது விற்கப் போறவருக்குத் தேவையான எண். ஓட்டப் போறவர் கேட்க வேண்டியது வேற: அடுத்த சில வருஷம் குடும்பம் போய்வர, இதைவிடக் குறைஞ்ச செலவில் வேற வழி இருக்கா?

புது கார் கணக்கைப் போடுவோம். 6 லட்சம் லோன், 9.5% வட்டி, 5 வருஷம். இஎம்ஐ சுமார் 12,600 ரூபாய். வட்டி மட்டும் ஒன்றரை லட்சத்துக்கு மேல். அதாவது 7,000 ரூபாய் சைலன்சர், ஒரு மாத இஎம்ஐ-யில் பாதியைவிடக் கொஞ்சம்தான் அதிகம். புது கார் தேவைன்னா தாராளமா வாங்குங்க. ஆனா சைலன்சர் ஓட்டை அதுக்குக் காரணம் ஆகாது.

அடுத்தது, எந்த சைலன்சர்? இதைத் தீர்மானிக்கிறது மெக்கானிக் இல்ல, நீங்க இன்னும் எத்தனை வருஷம் வண்டியை வெச்சிருக்கப் போறீங்கன்றதுதான். ஒரு உதாரணக் கணக்கு (உங்க ஊர் விலையை மாத்திப் போட்டுக்கோங்க):

வெல்டிங் 600 ரூபாய், 4 மாசம் தாங்குது. வருஷத்துக்கு 1,800.
லோக்கல் சைலன்சர் 3,500 ரூபாய், 2 வருஷம். வருஷத்துக்கு 1,750.
கம்பெனி சைலன்சர் 7,000 ரூபாய், 5 வருஷம். வருஷத்துக்கு 1,400.

"மலிவு"ன்னு நினைச்ச வெல்டிங்தான் இதுல அதிகச் செலவு. ஒவ்வொரு தடவையும் அரை நாள் லீவ் வேற போகும். 40,000 சம்பளத்துக்கு அரை நாள்னா சுமார் 670 ரூபாய். அதே சமயம், ரெண்டு வருஷத்தில் வண்டியை விக்கிறதா இருந்தா, கம்பெனி பொருளுக்கு வருஷத்துக்கு 3,500 ஆகும். அப்போ லோக்கல் போதும். முதல்ல வருஷத்தை முடிவு பண்ணுங்க, அப்புறம் பைப்பை.

வெல்டிங் ஏன் நிக்கிறதில்லன்னா, சைலன்சர் பெரும்பாலும் உள்ளே இருந்துதான் துருப்பிடிக்கும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியா வெளியே வரும். ரெண்டு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தினா பைப் சரியா சூடாகாது. அந்த ஈரம் உள்ளேயே தங்கி, தகட்டை அரிச்சுடும். மெலிஞ்ச தகட்டில் வெல்டிங் வெச்சா, பக்கத்தில் அடுத்த ஓட்டை விழும்.

இதுவரை பணம். இனி சொல்றது பணக் கணக்கில் வராதது. ஆம்னியோட 796 சிசி இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கு. மேனிஃபோல்டு பக்கமோ முன் பைப்பிலோ கசிவு இருந்தா, கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள்ளேயே வர வாய்ப்பு இருக்கு. அதுக்கு நிறமும் இல்ல, வாசனையும் இல்ல. பின் சீட்டில் குழந்தைகளோ வயசானவங்களோ தூங்கிட்டு வந்தா, மயக்கமா தூக்கமான்னு உங்களுக்குத் தெரியாது. வண்டியில் ஏறினா தலைவலி, இணைப்புகளில் கரிப் படிவு, முன்பக்கம் "புஸ் புஸ்" சத்தம் இருந்தா, "அடுத்த சம்பளம் வரட்டும்"னு தள்ளாதீங்க. அவசரகால நிதி இதுக்குத்தான் இருக்கு.

ஒர்க்‌ஷாப்பில் காசு விடாம இருக்க நாலு விஷயம்:

1. எஸ்டிமேட்டில் கேஸ்கட், கிளாம்ப், ரப்பர், கூலி எல்லாம் தனித்தனியா எழுதி வாங்குங்க. துருப்பிடிச்ச போல்ட் உடைஞ்சா கூடுதல் எவ்வளவுன்னும் முன்னாடியே கேளுங்க.

2. "கேட்டலிடிக் கன்வர்ட்டர் அடைச்சிருக்கு, எடுத்துட்டு நேர் பைப் போட்டுடலாம், மைலேஜ் ஏறும்"னு சொன்னா ஒத்துக்காதீங்க. அதுக்குள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் மாதிரி விலை உயர்ந்த உலோகங்கள் இருக்கும். பழசா இருந்தாலும் காசு, அது உங்க காசு. அது இல்லாம புகைச் சோதனையில் தேறுறது கஷ்டம். புகை விதியை மீறினா மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதம் இருக்கு.

3. பில்லில் ஜிஎஸ்டி 18%. 2025 செப்டம்பர் 22-க்கு முன்னாடி சைலன்சருக்கு 28% இருந்தது. ஜிஎஸ்டி பதிவு இல்லாத கடை வரின்னு தனியா வாங்கவே கூடாது.

4. இன்சூரன்ஸை நம்பாதீங்க. தேய்மானத்துக்கு சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசி பணம் தராது.

எப்போ "போதும்"னு சொல்லணும்? சைலன்சரை மட்டும் பார்க்காம, அடுத்த 12 மாசத்தில் வண்டி கேட்கப்போற மொத்தத்தையும் ஒரு பேப்பரில் எழுதுங்க: டயர், பேட்டரி, இன்சூரன்ஸ், 15 வருஷம் நெருங்கினா பதிவுப் புதுப்பிப்பும் பசுமை வரியும். புதுப்பிப்புக் கட்டணம் காருக்கு 2022 ஏப்ரல்லேர்ந்து 5,000 ரூபாய். 20 வருஷம் தாண்டின வண்டிக்கு 2025 ஆகஸ்ட்டிலிருந்து 10,000. அதோட வண்டியைத் தூக்கி நிறுத்தி, அடித்தளத்தைப் பாருங்க. ஃப்ளோர் துருப்பிடிச்சு ஓட்டை விழுந்திருந்தா, புது சைலன்சர் போட்டும் பிரயோஜனமில்ல, வித்துடுங்க.

ஃப்ளோர் திடமா இருந்து, வருஷச் செலவு மூணு மாச இஎம்ஐ-க்குள்ள அடங்கினா, என் ஓட்டு பழைய ஆம்னிக்குத்தான். சைலன்சரை மாத்திட்டு, மாசம் 1,500 ரூபாய்க்கு ஒரு ஆர்டி ஆரம்பிச்சு "வண்டி"ன்னு பேர் வைங்க. வருஷத்துக்கு 18,000 சேரும். அடுத்த தடவை மெக்கானிக் ஃபோன் பண்ணும்போது கிரெடிட் கார்டைத் தேட வேண்டியிருக்காது.