புது கேஸ் அடுப்பு: விலை ஒரு தடவை, செலவு பத்து வருஷம்

வீட்டு பட்ஜெட் பத்தி எந்த வீடியோ போட்டாலும் ஒரு கேள்வி தவறாம வருது: "புது கேஸ் அடுப்பு வாங்கணும், எவ்வளவு வரைக்கும் செலவு பண்ணலாம்?"

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். அடுப்போட விலையை மட்டும் பார்த்து முடிவு எடுக்காதீங்க. அது பத்து வருஷத்துல குடிக்கப்போற கேஸையும், அதுக்கு முன்னாடி தினமும் நிக்கப்போறவங்களோட நேரத்தையும் பாருங்க. இந்த ரெண்டுக்கும் உதவுற அம்சத்துக்குத் தாராளமா காசு கொடுங்க. வெறும் அழகுக்காகக் கொடுக்காதீங்க.

கேஸ் கணக்கு

வீட்டு எல்.பி.ஜி. அடுப்புக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 4246. அதன்படி அடுப்போட வெப்பத்திறன் குறைஞ்சது 68% இருக்கணும். அதாவது, நீங்க 100 ரூபாய்க்கு கேஸ் எரிச்சா, 68 ரூபாய் சூடாவது பாத்திரத்துக்குள்ள போகணும். மீதி உங்க கிச்சனைத்தான் சூடாக்குது.

ஆறு பேர் இருக்கற வீடு, வருஷத்துக்கு 10 சிலிண்டர்னு வெச்சுக்கலாம். கணக்கு சுலபமா இருக்க ஒரு சிலிண்டர் 900 ரூபாய்னு போடறேன், நீங்க உங்க ஊர் விலையைப் போட்டுக்குங்க. வருஷத்துக்கு 9,000. பத்து வருஷத்துக்கு 90,000. அடுப்போட விலை இதுக்குப் பக்கத்துலகூட வராது!

இப்போ 68% அடுப்புக்கு பதிலா 74% அடுப்பு வாங்கறீங்கன்னா, அதே சமையலுக்கு கேஸ் சுமார் 8% குறையும். வருஷத்துக்கு ஏறக்குறைய 730 ரூபாய். இதுக்காக 2,000 ரூபாய் கூடுதலா கொடுத்திருந்தாலும் மூணு வருஷத்துக்குள்ள திரும்பி வந்துடும். மீதி ஏழு வருஷமும் லாபம்தான். ஃப்ரிட்ஜ், ஏ.சி.க்கு ஸ்டார் பார்க்கற நாம அடுப்புக்குப் பார்க்கறதில்ல. கேஸ் அடுப்புக்கும் பி.இ.இ. ஸ்டார் லேபிள் உண்டு. கடைக்காரர்கிட்ட கேளுங்க.

ஒண்ணு கவனிங்க, இந்தச் சேமிப்பு தானா வராது. பர்னர் ஓட்டையில பால் பொங்கி அடைச்சிருந்தா, தீ மஞ்சளா எரிஞ்சா, பாத்திரத்தோட அடி கருப்பானா, நீங்க காசு கொடுத்து வாங்கின அந்த 6% அங்கேயே போயிடும். சின்ன பால் பாத்திரத்தைப் பெரிய பர்னர்ல வெச்சு, தீ பக்கவாட்டுல ஏறி எரிஞ்சாலும் அதே கதைதான்.

நேரக் கணக்கு

சேல்ஸ்மேன் சொல்லாத கணக்கு இது. பர்னர் எண்ணிக்கை கூடினா கேஸ் மிச்சமாகாது, நேரம்தான் மிச்சமாகும். அந்த நேரம் யாரோடதுன்னு யோசிங்க.

எங்க வீட்ல அம்மா, அப்பா, நாங்க ரெண்டு பேர், ரெண்டு பசங்க. காலையில இட்லி, சாம்பார், சட்னிக்குத் தாளிப்பு, காபிக்குப் பால், பசங்க டப்பாவுக்கு ஒரு சாதம். ரெண்டு பர்னர்ல இதுல எப்பவும் ஒண்ணு வரிசையில காத்திருக்கும். மூணு பர்னர் வந்து ஆறு மாசமாச்சு. காலை சமையல் சுமார் இருபது நிமிஷம் முன்னாடியே முடியுது. வருஷத்துக்கு 121 மணி நேரம். எட்டு மணி நேர வேலைநாளா மாத்தினா பதினஞ்சு நாள்! ஆபீஸ்ல இவ்வளவு நேரத்தை மிச்சம் பிடிச்சா போனஸ் கேப்போம். அம்மாவோட நேரம்னா மட்டும் "ரெண்டு பர்னர் போதாதா?"ன்னு கேக்கறோம்.

அப்போ நாலு பர்னர் வாங்கினா இன்னும் நல்லதா? அவசியமில்ல. அடுப்போட அகலம் அதிகமாகாம பர்னர் மட்டும் கூடினா, தோசைக்கல்லும் குக்கரும் ஒண்ணோட ஒண்ணு இடிக்கும். பின்னாடி இருக்கற பர்னரை எரியற தீயைத் தாண்டிக் கை நீட்டித்தான் தொடணும். அதனால கடைக்குப் போறதுக்கு முன்னாடி உங்க தோசைக்கல், இட்லிக் குண்டான், குக்கர் மூணோட அகலத்தையும் அளந்து எழுதிக்குங்க. இன்னொரு முக்கியமான விஷயம், தினமும் சமைக்கறவங்களைக் கூட்டிட்டுப் போங்க. முடிவை அவங்க எடுக்கட்டும்.

கிளாஸ் டாப் துடைக்க சுலபம், அதுவும் நேரச் சேமிப்புதான். ஆனா சூடா இருக்கும்போது ஈரத்துணி போடக் கூடாது, கண்ணாடி விரிசல் விட வாய்ப்பு இருக்கு. கனமான பாத்திரம் தினமும் ஏறி இறங்கற வீட்டுக்கு ஸ்டீல் அடுப்பே என் சாய்ஸ். ஸ்லாபை வெட்டிப் பதிக்கிற ஹாப் வேணும்னா, நாளைக்கு அதை மாத்தும்போது அடுத்த ஹாப்பும் அதே ஓட்டைக்குப் பொருந்தணும்கிறதை யோசிச்சுக்குங்க. உங்க ஏரியாவுக்குக் குழாய் கேஸ் வரப்போகுதுன்னா, ஜெட் மாத்தித் தருவாங்களான்னு இப்பவே கேட்டு வெச்சுக்குங்க.

நோ காஸ்ட் இ.எம்.ஐ.

ஐயாயிரம் ரூபாய் பொருளுக்கு இது தேவையே இல்ல. பேங்க் வட்டி போடத்தான் செய்யும், அந்தத் தொகையைக் கடை தள்ளுபடியா காட்டும். ஆனா அந்த வட்டி மேல 18% ஜி.எஸ்.டி., பிராசஸிங் ஃபீ எல்லாம் பெரும்பாலும் உங்க தலையிலதான் விழும். ரொக்கத்துக்குக் கிடைச்சிருக்கற தள்ளுபடியும் போயிடும். மாசம் ஆயிரம் ரூபாய் எடுத்து வெச்சு, அஞ்சாவது மாசம் வாங்குங்க.

இன்சூரன்ஸ்

நிறைய பேருக்குத் தெரியாத விஷயம். நீங்க பிரீமியம் கட்டாமலே உங்க கேஸ் கனெக்ஷனுக்கு ஒரு காப்பீடு இருக்கு. பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் எடுத்து வெச்சிருக்கற பாலிசி அது. எல்.பி.ஜி.தான் முதல் காரணமா இருக்கற தீ விபத்துல உயிரிழப்புக்கு நபருக்கு 6 லட்சம், சிகிச்சைக்கு நபருக்கு அதிகபட்சம் 2 லட்சம், பதிவு செஞ்ச முகவரியில சொத்து சேதத்துக்கு அதிகபட்சம் 2 லட்சம்.

இதுல "பதிவு செஞ்ச முகவரி"ங்கறதைக் கவனிங்க. கனெக்ஷன் இன்னும் தாத்தா பேர்ல, பழைய வீட்டு முகவரியில இருந்தா, க்ளெய்ம் நேரத்துல யாரோட சண்டை போடுவீங்க? அடுப்பு மாத்தற வாரத்துலயே பேரையும் முகவரியையும் மாத்துங்க. டியூப்பையும் பாருங்க. ஆரஞ்சு கலர் சுரக்ஷா டியூப்புக்கு ஆயுள் 5 வருஷம்தான். மூவாயிரம் கூடுதலா கொடுத்து அடுப்பு வாங்கிட்டு, சில நூறு ரூபாய் டியூப்பைப் பழசாவே விடறது என்ன சிக்கனம்?

அடுப்புல ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அதுக்குக் கீழ இருக்கற லைசென்ஸ் நம்பரும் இருக்கான்னு பாருங்க. அந்த நம்பரை பி.ஐ.எஸ். கேர் ஆப்ல போட்டா ஒரிஜினலான்னு தெரிஞ்சுடும். பில்லை போட்டோ எடுத்து வெச்சுக்குங்க. கேஸ் கசிஞ்சா கூப்பிட வேண்டிய 1906 நம்பரை வீட்ல எல்லார் போன்லயும் சேவ் பண்ணுங்க. புது கனெக்ஷன் எடுக்கறவங்களுக்கு ஒண்ணு: ஏஜென்சியிலதான் அடுப்பு வாங்கணும்னு யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது.

சரி, இன்னிக்கே ஒரு சின்ன வேலை பண்ணுங்க. கேஸ் புக்கை எடுத்து அதுல இருக்கற பேரு, முகவரி, கடைசியா டியூப் மாத்தின தேதி மூணையும் பாருங்க. எத்தனை சரியா இருந்துச்சுன்னு கமென்ட்ல சொல்லுங்க. அடுத்த வீடியோவுல கனெக்ஷன் பேர் மாத்தற வழியை ஒவ்வொரு படியா பார்க்கலாம்.