ஏடு எவருடைய உடைமை?

நகை விற்பார் உண்டு. நிலம் விற்பார் உண்டு. விற்கட்டும், அது அவரவர் உடைமை. ஆனால், மனித குலத்தின் அறிவையே ஒருவர் விலை கூறி விற்க, மற்றொருவர் தம் பெயரை மறைத்து வாங்கிச் செல்வதை என்னவென்பது?

ஆர்க்கிமிடீஸ் எனும் கிரேக்கப் பேரறிஞனின் ஏட்டுக்கு நேர்ந்த கதியைக் கேளுங்கள். பத்தாம் நூற்றாண்டில் தோலில் எழுதப்பட்ட அந்தப் படியை, 1229இல் சுரண்டி, அதன் மேல் வழிபாட்டு வாசகங்களை எழுதினர். அடியில் புதைந்து கிடந்த கணிதத்தை 1906இல் கான்ஸ்டாண்டினோபிளில் கண்டறிந்தார் டென்மார்க் அறிஞர் ஹைபர்க். பரப்பையும் கன அளவையும் தான் கண்ட வழியை ஆர்க்கிமிடீஸ் விளக்கும் 'முறை' என்ற நூல், அந்த ஒரே ஏட்டில்தான் உயிர் வாழ்கிறது.

முதல் உலகப் போருக்குப் பின் ஏடு மறைந்தது! பல்லாண்டு சென்றபின் பிரெஞ்சுக் குடும்பமொன்றின் கையிலிருந்து வெளிவந்தபோது, பூஞ்சணம் அதை அரித்திருந்தது. போதாதென்று, நான்கு பக்கங்களில் எவரோ போலி ஓவியம் தீட்டியிருந்தனர். விலையேற்றும் வேட்கையன்றி வேறென்ன காரணம் கூறுவது?

1998 அக்டோபர் 29ஆம் நாள் நியூயார்க்கில் ஏலம். "எங்கள் நூலகத்து ஏடு" என்று வழக்குத் தொடுத்தது ஜெருசலேம் கிரேக்கத் திருச்சபை. காலம் கடந்து வந்தீர் என்றது நீதிமன்றம். 20 இலட்சம் டாலருக்குச் சுத்தியல் விழுந்தது. வாங்கியவர் பெயரோ அறிவிக்கப்படவில்லை!

"அவர் பால்டிமோர் வால்ட்டர்ஸ் கலைக்கூடத்தில் ஏட்டை ஒப்படைத்தாரே, ஆய்வுக்குப் பொருளும் ஈந்தாரே, 2008இல் படங்கள் யாவும் உலகுக்கு இலவசமாக வழங்கப்பட்டனவே" என்பர் சிலர். உண்மை, பாராட்டுகிறோம். ஆனால், அதை அவர் இரும்புப் பெட்டியில் பூட்டியிருந்தால், எந்த நிபந்தனை அவரைத் தடுத்திருக்கும்? நல்ல எசமான் வாய்த்தான் என்பதற்காக அடிமை முறையை ஆதரிப்பார் உண்டோ?

விற்பனையே கூடாது என்று நாம் கூறவில்லை. விற்ற ஏடு எவர் கையில், எந்த ஊரில் உள்ளது என்பது பொதுப் பதிவேட்டில் இருக்கட்டும். அதன் படமொன்று பொது நூலகத்துக்கு வரட்டும். ஆய்வாளன் தட்டினால் கதவு திறக்கட்டும். ஏட்டை வாங்கியவன் அதன் காவலனேயன்றி, அதிலுள்ள அறிவின் உரிமையாளன் அல்லன். இரந்து பெறும் சலுகையாக அன்று, சட்டம் தரும் உரிமையாக இதைக் கேட்போம்!