மலையில்லா ஊரில் மலை வரையும் மழலைகள்

ஆரம்ப வகுப்புப் பிள்ளை ஒன்றிடம் வெள்ளைத் தாளொன்றைக் கொடுத்து, "விரும்பியதை வரைக" என்று சொல்லிப் பாருங்கள். என்ன வரும் என்பதை ஆசிரியர்கள் நன்கு அறிவர். இரண்டு மலைகள், அவற்றின் நடுவே கதிர் வீசும் சூரியன், மலையடியிலிருந்து வளைந்து வரும் ஆறு, ஆற்றங்கரையில் ஒரு வீடு, வீட்டருகே சாய்ந்த தென்னை ஒன்று. கண்டியில் வரைந்தாலும் இதுவே. காரைநகரில் வரைந்தாலும் இதுவே.

காரைநகரில் மலை ஏது? ஆறுதான் ஏது? குடாநாடு முழுவதையும் சுற்றி வந்தாலும் கீரிமலை என்னும் பெயரில் மலை உண்டேயன்றி, மலையென்று சொல்லத்தக்க மலை இல்லை. மாரியில் மட்டும் நீரோடும் வழுக்கியாற்றையன்றி வேறு ஆறு என்று சொல்லத்தக்கது இல்லை. நான்கு புறமும் கடல், எங்கு நோக்கினும் பனை, பொன்னாலையோடு நம்மை இணைக்கும் நெடும்பாலம், கோவளத்து வெளிச்சவீடு, கடல் நடுவே கடற்கோட்டை, கசூரினாக் கடற்கரையின் சவுக்கு மரங்கள். இத்தனையும் கண்முன்னே இருக்க, பிள்ளை காணாத மலையை வரைகின்றது. யாரோ வரைந்ததைப் பார்த்து யாரோ வரைந்த படம் அது. தன் கண்ணாற் கண்டது வரைதற்குரியதன்று என்னும் எண்ணம் அப்பிஞ்சு நெஞ்சில் எவ்வாறோ புகுந்துவிட்டது. இது சித்திர பாடத்தின் குறை மட்டுமன்று. தன் ஊரைத் தான் காணாது வளரும் ஒரு தலைமுறையின் குறை.

முன்னோர் காட்டிய வழி

இக்குறையை உணர்ந்தோர் முன்னரும் இருந்தனர். 1897ஆம் ஆண்டு வியன்னா நகரிற் சிறுவர்க்கென ஓவிய வகுப்புத் தொடங்கிய பிரான்ஸ் சிசெக் என்பார், பிள்ளை வரைவது பெரியோர் ஓவியத்தின் குறைப்பிரதியன்று, தனக்கென இயல்புடைய ஒரு கலை என்று கொண்டார். இலங்கையில் 1920களிற் சித்திரக் கல்விக்குப் பொறுப்பாயிருந்த சி. எப். வின்சர், பார்த்து வரையும் பழைய முறையை நெகிழ்த்தி, பிள்ளைகள் தாமாக வரைவதற்கு இடமளித்தார். அவர் பெயரால் யாழ்ப்பாணத்தில் வின்சர் சித்திரக் கழகத்தை 1938இல் நிறுவியவர் சித்திர வித்தியாதரிசி எஸ். ஆர். கனகசபை. பின்னர் 1959இல் ஓவியர் மாற்குவும் நண்பர்களும் விடுமுறைக்கால ஓவியர் கழகத்தைத் தோற்றுவித்தனர். இம்மண்ணுக்கு இது புதுச் சரக்கன்று.

வின்சர் கழகம் பிறந்த அதே 1938இல், சாந்திநிகேதனத்துக் கலாபவனத்தின் நந்தலால் போஸ், ஹரிபுராக் காங்கிரஸ் மாநாட்டுக்காக வரைந்த படங்களை நினைத்துப் பாருங்கள். உழவர், கைவினைஞர், இசைவாணர், வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் எனக் கிராமத்து மக்களையே அவர் வரைந்தார். அருகிலுள்ளதைப் போற்றிக் காண்பதே அவர் காட்டிய வழி.

பிள்ளையின் கண்ணும் பெரியோர் கண்ணும்

பிள்ளைகளின் படத்தைத் திருத்த முற்படும் முன், அவர்கள் எவ்வாறு வரைகின்றார்கள் என்பதை அறிதல் வேண்டும். நாலு வயதுப் பிள்ளை வரையும் மனிதனுக்குத் தலையிலிருந்தே கால் முளைத்திருக்கும். ஆறேழு வயதில், தாளின் அடியில் ஒரு கோடு கீறி, மரம், வீடு, மனிதர் யாவரையும் அதன்மேல் நிறுத்தும். அம்மா வீட்டிலும் உயரமாக நிற்பாள். பிள்ளைக்கு அம்மா அத்துணைப் பெரியவள். அடுப்பிலுள்ள சட்டியை வரைந்தால் உள்ளே கிடக்கும் மீனும் வெளியே தெரியும். மீன் அங்கே இருப்பதைப் பிள்ளை அறியுமன்றோ! இவை பிழைகளல்ல. பிள்ளை கண்ணுக்குத் தெரிவதை மட்டுமன்றித் தான் அறிந்ததையும் உணர்ந்ததையும் வரைகின்றது. சிவப்புப் பேனையால் அவற்றைத் திருத்துவது, மழலையை இலக்கணப் பிழையென்று அதட்டுவதை ஒக்கும்.

ஆகவே ஆசிரியர் முதலிற் செய்யவேண்டியது ஒன்று: கரும்பலகையில் மாதிரிப் படம் கீறுவதை நிறுத்துதல். அதற்குப் பதிலாகக் கேள்வி கேளுங்கள். "உங்கள் வீட்டுக் கிணற்றில் யார் தண்ணீர் அள்ளுவார்? வாளி எங்கே இருக்கும்? அருகே என்ன மரம் நிற்கும்?" நன்னீருக்கு அலைந்து பழகிய இத்தீவிலே கிணற்றைப் பற்றிச் சொல்வதற்கு எல்லாப் பிள்ளைகளிடமும் ஏதேனும் உண்டு. பேசியபின் தாளைக் கொடுங்கள். முப்பது பிள்ளைகளிடமிருந்து முப்பது கிணறுகள் வரும்.

செலவில்லாத சில முயற்சிகள்

2022ஆம் ஆண்டின் நெருக்கடியிற் கடதாசிக்கே தட்டுப்பாடு வந்ததை நாம் மறக்கவில்லை. வர்ணப் பெட்டி வாங்க இயலாத வீடுகள் பல. எனவே கையெட்டும் தூரத்திற் கிடைப்பவற்றைக் கொண்டே செய்யத்தக்க சிலவற்றை இங்குக் கூறுகின்றோம்.

மஞ்சள் வித்தை: மஞ்சள் கரைத்த நீரைத் தாளிற் பூசி உலரவிடுக. தென்னை ஈர்க்கிலே சிறிது பஞ்சு சுற்றிச் சவர்க்கார நீரிலே தோய்த்து அத்தாளில் வரைந்தால், கோடுகள் செந்நிறமாகத் தோன்றும். அவற்றின்மேல் தேசிக்காய்ச் சாற்றைத் தொட்டால் மீண்டும் மஞ்சளாகும். நீலக் காக்கணம்பூவை வெந்நீரில் ஊறவைத்தால் நீலச்சாயம் கிடைக்கும். தேசிக்காய்ச் சாறு பட்டால் அது ஊதாவாய் மாறும். சித்திர பாடமும் விஞ்ஞான பாடமும் ஒரே மேசையில் நடந்து முடியும்.

தாழம் தூரிகை: தாழம் விழுதின் நுனியைக் கல்லில் வைத்துத் தட்டினால் நார் பிரிந்து தூரிகையாகும். அடுப்புக்கரியும் மஞ்சளும் இலைச்சாறும் வர்ணங்களாகும். பழைய பத்திரிகைத் தாள்களை ஒட்டி ஆளுயரத் தாள் ஆக்கி, நாலைந்து பிள்ளைகள் சேர்ந்து வரையலாம். ஈழத்துச் சிதம்பரத்துத் திருவாதிரைத் தேரைக் கண்டுவந்த மறுவாரம் இதனைச் செய்வித்தல் நன்று. வடம் பிடிப்போர் வரிசை தாளின் எல்லைவரை நீள்வதைக் காணலாம்.

காய் முத்திரை: வெண்டிக்காயைக் குறுக்கே வெட்டி வர்ணத்திலே தோய்த்து ஒற்றினால் பூ விழும், வாழைத்தண்டு வேறு கோலம் தரும். பொங்கற் காலத்தில் இதனைக் கொண்டு வாழ்த்து மடல்கள் ஆக்கலாம்.

பனங்கொட்டைப் பாவை: பனம்பழக் காலத்திலே, நார் நீளமாயுள்ள காய்ந்த பனங்கொட்டையை எடுத்து, நாரைச் சீவி முடியாக்கி, கரியாற் கண்ணும் வாயும் எழுதினால் ஒரு தாத்தாவோ பாட்டியோ தோன்றுவார். பத்துப் பாவைகள் சேர்ந்தால் ஒரு நாடகம் ஆயிற்று.

கணவாய் ஓடு: கரையிலே ஒதுங்கும் கணவாய் ஓடு மென்மையானது, நகத்தாலேயே கீறலாம். நாலாம் ஐந்தாம் தரப் பிள்ளைகள் மழுங்கிய ஈர்க்குக் கொண்டு மீனோ வள்ளமோ செதுக்கலாம். சோகி, சிப்பி, ஊரி ஆகியவற்றைக் கரையிலே ஈர மணலிற் பதித்துக் கோலமிடலாம். அலை வந்து அழித்தால் மறுபடி செய்வோம்; இதில் இழப்பு ஏதுமில்லை.

ஓலைப் பின்னல்: முதலிலே தாட்கீலங்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னப் பழக்குக. பிறகு ஓலை கொடுக்கலாம். ஓலையின் ஓரம் கையை அறுக்குமாதலின், வார்ந்து கொடுப்பது ஆசிரியரின் வேலை.

இந்த ஓலைப் பின்னலிற் சற்றுத் தங்க விரும்புகின்றோம். 1991ஆம் ஆண்டு இவ்வூர் மக்கள் இடம்பெயர்ந்தபோது வீடுகளோடு கைத்திறன்களும் சிதறின. பெட்டி இழைத்தவரும் கடகம் பொத்தியவரும் வெவ்வேறு ஊர்களிலே வயதுபோயினர். மீண்டு வந்தோரில் இன்னும் விரல் மறவாத பாட்டிமார் சிலர் உளர். மாதத்தில் ஒருநாள் அத்தகைய பாட்டி ஒருவரை வகுப்புக்கு அழையுங்கள். அவர் விரிவுரை ஆற்ற வேண்டியதில்லை. பாய்விரித்து இருந்து இழைத்தாற் போதும். தம் வீட்டு ஆச்சியின் கைத்தொழில் பாடசாலையிலே மதிக்கப்படுவதைப் பிள்ளைகள் காண்பது, எந்தப் பாடநூலும் தராத பாடம்.

"பரீட்சை இருக்கின்றதே!"

"ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சை நெருங்குகையில் இதற்கெல்லாம் நேரமேது?" என்று பெற்றோர் கேட்பர். அவர்தம் கவலை பொய்யன்று. ஆனால் தாமாக ஒன்றைச் செய்துபார்த்த பிள்ளைக்குச் சொல்வதற்கும் எழுதுவதற்கும் பொருள் இருக்கின்றது. பனங்கொட்டைப் பாவை செய்த அன்று, அதைப்பற்றி ஐந்து வசனம் எழுதச் சொல்லுங்கள். மனனம் செய்த கட்டுரையில் இல்லாத சொற்கள் அங்கே வரும். அளந்து வெட்டிய கையும் எண்ணிப் பின்னிய விரலும் கணிதத்துக்கும் அந்நியமல்ல. வாரத்தில் ஒரு பாடவேளையை இதற்கென விடுவதால் எந்தப் பிள்ளையும் பின்தங்கிவிடாது.

பெற்றோருக்கு மற்றுமொரு வேண்டுகோள். பிள்ளையின் சித்திரக் கொப்பியில் நீங்கள் வரைந்து அனுப்பாதீர்கள். "இது என்ன?" என்று கேலியாகக் கேளாமல், "இதைப்பற்றிச் சொல்லு, கேட்போம்" என்று அருகில் இருங்கள். ஆசிரியர்களும் சிறந்த மூன்று படங்களை மட்டும் சுவரில் ஒட்டாது, முறைவைத்து எல்லோருடைய படங்களையும் ஒட்டுதல் வேண்டும். பரிசு பெறாத பிள்ளை தன் கையை நம்பாமற் போய்விடும்; ஒருமுறை போன நம்பிக்கையை மீட்பது அரிது.

வரும் கிழமை ஒரு பாடவேளையை எடுத்துக்கொள்ளுங்கள். "இன்றைக்கு மலை வேண்டாம், ஆறு வேண்டாம். நீங்கள் இன்று காலை பாடசாலைக்கு வந்த வழியை வரையுங்கள்" என்று சொல்லுங்கள். முதலிற் சிறிது நேரம் வகுப்பு மௌனமாயிருக்கும்; பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பர். அவசரப்படாது பொறுத்திருங்கள். ஒரு கை பனையொன்றை வரையத் தொடங்கும்.