பொறுப்பேற்க ஒரு ஆள்

1993 என்று நினைவு. கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து தினமும் பஸ் பிடித்து, விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனிக்குக் கணக்கு எழுதப் போய்க்கொண்டிருந்தேன். சூளைக் கொட்டகைக்கு வெள்ளையடிக்க நாலு பேர் வந்தார்கள். அகதி முகாமில் இருந்தவர்கள். அதில் ஒருவர் சாப்பாட்டு நேரத்தில் என் மேசைப் பக்கம் வந்து பேரேட்டைப் பார்த்துவிட்டு, "அண்ணை, இந்தக் கூட்டல் பிழைச்சுப் போச்சு" என்றார். பார்த்தேன், பிழைதான். யாழ்ப்பாணத்தில் கணக்கராக இருந்தவராம்.

எனக்கு உதவிக்கு ஆள் தேவைப்பட்டது. முதலாளியிடம் சொன்னேன். "நல்ல ஆளாத்தான் தெரியுது. நீங்க பொறுப்பு ஏத்துக்கிறீங்களா?" என்று கேட்டார். 1991 மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு, இலங்கைத் தமிழர் என்றாலே ஊர் தயங்கிய காலம் அது. எனக்கு வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள். நான் வாயைத் திறக்கவில்லை. வேலை முடிந்ததும் கூலியை வாங்கிக்கொண்டு, "வாறன் அண்ணை" என்று அவர் போனார். பிறகு அவரைப் பார்க்கவில்லை.

'நான் பொறுப்பு' என்கிற அந்த வார்த்தைக்குக் கனடாவில் சட்டத்திலேயே இடம் உண்டு. ஒரு தேவாலயமோ சங்கமோ கையெழுத்துப் போட்டால், ஒரு அகதிக் குடும்பத்தை வரவழைத்துக்கொள்ளலாம்; 2024 வரை ஐந்து பேர் சேர்ந்தும் இப்படிக் கையெழுத்துப் போட முடிந்தது. ஒரு வருஷம் வீடு, சாப்பாடு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், வேலை தேடித் தருவது எல்லாம் அவர்கள் கடமை. 1979, 80-இல் வியட்நாம் பக்கமிருந்து வந்த சுமார் 60,000 பேரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இப்படி வந்தவர்களே. 1986-இல் ஐ.நா.வின் நான்சென் விருது கனடா நாட்டு மக்களுக்கே கொடுக்கப்பட்டது.

நாம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் படகில் வந்தவர்களுக்கு மண்டபத்தில் இடம் கொடுத்தோம். அரசு பணக்கொடையும் அரிசியும் தருகிறது. 2021 ஆகஸ்டில் 317 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்து, 7,469 வீடுகளைக் கட்டித்தர முன்வந்தது. முகாமின் பெயரும் 'மறுவாழ்வு முகாம்' என்று மாறியது. அகதிகளே 1984-இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் அவர்களின் பிள்ளைகள் படிக்கப் பெரிதும் உழைத்திருக்கிறது.

ஆனால் படித்த பிள்ளை எங்கே போவது? 1987 ஜூலை 1-க்கு முன் இங்கே பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அதற்குப் பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். முகாமில் பிறந்து, நம் பாடப்புத்தகம் படித்து, நம் தேர்தலை வேடிக்கை மட்டும் பார்க்கும் பிள்ளைக்கு இன்று முப்பது வயது தாண்டிவிட்டது. 2019-இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை இல்லை. இன்ஜினியரிங் முடித்தவன் பெயிண்ட் டப்பாவைத் தூக்குகிறான் என்றால் காரணம் இதுதான்.

"நம்ம பிள்ளைகளுக்கே வேலை இல்லை, இதில் அவர்களுக்கு வேறா?" என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அவர்கள் நாளை வரப்போகிறவர்கள் இல்லை. நாற்பது வருஷமாக நம்மோடு இருந்து, நம் வீட்டுச் சுவருக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருப்பவர்கள்.

குடியுரிமை தில்லி கொடுக்க வேண்டியது. அதைக் கேட்டு மனு போடுவதும், வாக்குக் கேட்டு வருபவரிடம் நினைவூட்டுவதும் நம் வேலை. அதுவரை ஊருக்கு ஐந்து பேர் சேர முடியாதா? பென்ஷன் வாங்கும் நமக்கு நேரம் இருக்கிறது, தாலுகா ஆபீஸ் வழி தெரியும், நாலு முதலாளிகளைத் தெரியும். ஒரு குடும்பம், ஒரு பிள்ளை போதும். சான்றிதழுக்கு அலைய, வேலைக்குச் சிபாரிசு சொல்ல, வாடகை வீட்டுக்காரரிடம் பேச ஒரு ஆள்.

எனக்கு வயது எழுபத்தைந்து. இந்த முறை யாராவது கேட்டால், வாயைத் திறப்பேன்.