குழாயில் வடிகட்டினால் போதுமா? வயலை யார் பார்ப்பது?

2025 ஜூன். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டிமோயின் நகரத்தையும் சுற்றுப்பகுதிகளையும் சேர்ந்த சுமார் 6 லட்சம் பேருக்கு ஒரு உத்தரவு: வீட்டுப் புல்வெளிக்குத் தண்ணீர் விடாதீங்க. வறட்சியா? இல்லை. ஆற்றில் தண்ணீர் இருக்கு. அதில் நைட்ரேட்டும் இருக்கு. மக்கள் செலவழிக்கும் வேகத்துக்குச் சுத்திகரிக்க முடியலை.

எங்கிருந்து வருது?

நகரத்துக்குத் தண்ணீர் தரும் ராக்கூன் ஆற்றின் மேல்பகுதி முழுக்க மக்காச்சோளமும் சோயாவும்தான். பெரும்பகுதி ஒருகாலத்தில் சதுப்பு நிலம். அதை வடிக்க, வயலுக்கு அடியில் 3, 4 அடி ஆழத்தில் துளையுள்ள குழாய்களைப் பதித்தார்கள். உரம், பன்றிப் பண்ணைக் கழிவு, மண் மூன்றிலும் இருக்கும் நைட்ரஜன், நைட்ரேட்டாக மாறி மழைநீரோடு குழாயில் இறங்கி, ஓடை வழியா ஆற்றுக்கு வந்துடுது. அறுவடைக்குப் பிறகு பல மாதம் வயல் வெறுமையா கிடப்பதால், அதை உறிஞ்ச வேரும் இல்லை.

என்ன ஆபத்து?

அளவு மீறினால் கைக்குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சரியாகச் சுமக்காது. உடல் நீலம் பாரிக்கும். கொதிக்க வைத்தாலும் நைட்ரேட் போகாது. அங்கே வரம்பு, நைட்ரஜன் கணக்கில் லிட்டருக்கு 10 மில்லிகிராம். இந்தியாவில் நைட்ரேட் கணக்கில் 45. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

வழக்கு போட்டாங்களா?

போட்டாங்க. 2015-ல் நகரக் குடிநீர் நிறுவனம், மேல்பகுதியில் உள்ள 3 மாவட்டங்களின் வடிகால் அமைப்புகள் மீது வழக்குத் தொடுத்தது. 2017-ல் தள்ளுபடி. 1972-ம் ஆண்டின் தூய நீர்ச் சட்டப்படி ஆலைக் கழிவுக் குழாய்க்கு அனுமதி வேண்டும். வயலிலிருந்து வழியும் மழைநீருக்கு வேண்டாம்.

விவசாயியை வில்லன் ஆக்குவதில் அர்த்தமில்லை. சந்தை அவருக்குச் சோளத்துக்குத்தான் காசு தருது, சுத்தமான ஓடைக்கு இல்லை. வழியும் தெரியாததல்ல: அறுவடைக்குப் பின் மூடுபயிர், ஓடைக்கரையில் புல் பட்டை, வடிகால் முடியும் இடத்தில் சின்ன ஈரநிலம். ஆனால் 2013-ல் மாநிலம் கொண்டுவந்த திட்டம் இதையெல்லாம் ‘விருப்பம் இருந்தால் செய்யுங்கள்’ என்று விட்டுவிட்டது. நைட்ரேட்டை நீக்கும் செலவோ நகரவாசியின் குடிநீர்க் கட்டணத்தில் கட்டாயமா ஏறுது.

கட்டணம் கட்டாயம் என்றால் கரைப் பட்டையும் கட்டாயமாகட்டும். அதற்கான செலவில் அரசு பங்கு போடட்டும். கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கும் விவசாயி வீட்டுக் குழந்தைக்கும் அதுதான் நல்லது.