மண்ணிற் புகும் நுரை

நீரின் அருமையை அறியாதார் நம் நாட்டில் இலர். மழை பொய்த்த ஆண்டுகளில் குடத்தோடு வரிசையில் நின்றோர்க்கு அதனை நூல் கொண்டு உணர்த்த வேண்டுவதில்லை. ஆயினும், அந்நீரைத் தாங்கி நிற்கும் மண்ணின் அருமையை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. மண் என்பது காலின்கீழ்க் கிடக்கும் சடப்பொருள். அதன்மேல் எதனைக் கொட்டினும் ஏற்றுக்கொள்ளும். அழுக்கை வடிகட்டித் தூய நீரையே கிணற்றிற்கு விடுக்கும் என்பது பெரும்பாலோர் கொண்டுள்ள நம்பிக்கை. இந்நம்பிக்கை பாதி உண்மையே என்பதும், மற்றைப் பாதியை அறியாமையால் விளையும் கேடு பெரிதென்பதும் இக்கட்டுரையின் துணிபு.

இதனை இப்போது எழுதப் புகுந்ததற்குக் காரணம் உண்டு. நம் விடுதிகளில், குளித்த நீரையும் துணி துவைத்த நீரையும் சாக்கடையில் விடாது தோட்டத்திற்குப் பாய்ச்சலாமா என்னும் வாதம் மாணவரிடையே நடந்து வருகின்றது. ஒரு சாரார், "ஒரு சொட்டும் வீண்போகலாகாது; முழுவதையும் தென்னைக்கு விடுக" என்பர். மற்றொரு சாரார், "சோப்பு நீர் நஞ்சு, மரமும் கெடும், கிணறும் கெடும்" என்பர். இரு சாராரும் நல்ல நோக்கமுடையவரே. ஆயின், மண்ணினுள் நீர் எங்ஙனம் இயங்குகின்றது என்பதை அவர்கள் வினவியதாகத் தெரியவில்லை. அதனை வினவாது தீர்ப்புக் கூறுதல் முறையாகாது. தமிழ் பயிலும் மாணவனுக்கு இதில் என்ன வேலை என்று நகைப்பாரும் இருப்பர். ஈரம், பதம், கசிவு, ஊறல், ஊற்று, உவர், களர் என மண்ணும் நீரும் கூடும் நிலைகளுக்கெல்லாம் தனித்தனிச் சொல் வைத்த மொழியைப் பயில்வோன், அச்சொற்கள் குறிக்கும் பொருளையும் அறிய விரும்புதல் குற்றமாகாது அன்றோ?

நிலத்தடி நீர்மட்டத்திற்குக் கீழுள்ள மண்ணில் துளைகள் யாவும் நீரால் நிறைந்திருக்கும். அதற்கு மேலே, நாம் நடக்கும் தரைவரையிலுள்ள மண்ணிலோ, துளைகளில் நீரும் காற்றும் கலந்து குடியிருக்கும். இதனை நிறைவுறா மண் என்பர். பயிர்களின் வேர் பெரும்பாலும் வாழ்வது இங்கேதான். தரையிற் கொட்டிய எதுவும் நிலத்தடி நீரை அடையுமுன் கடக்கவேண்டிய வாயிலும் இதுவே. இங்கே நீர், மண்மணிகளைச் சுற்றி மெல்லிய போர்வையாகவும், மணிகள் ஒன்றையொன்று தொடும் மூலைகளில் சிறு வளைவாகவும் ஒட்டிக்கொண்டிருக்கின்றது. அதனைக் கீழே விழவிடாது பற்றியிருப்பதில் பெரும்பங்கு பரப்பு இழுவிசைக்கு உரியது. நீரின் மேற்பரப்பு, இழுத்துக் கட்டிய தோல்போல் எப்போதும் சுருங்க முயலும் இயல்பே அவ்விசை.

இதன் வலிமையை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். விட்டம் ஒரு மில்லிமீட்டரிற் பத்தில் ஒரு பங்கே உள்ள கண்ணாடிக் குழலைத் தூய நீரில் நிறுத்தினால், நீர் ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் தானே ஏறி நிற்கும். மண்ணின் நுண்துளைகளும் அத்தகைய குழல்களே. நீரின் பரப்பு இழுவிசை 20 பாகை வெப்பநிலையில் மீட்டருக்கு 72.8 மில்லிநியூட்டன். சவர்க்காரப் பொருள் சிறிது கலந்தால் அது 30 அளவிற்குத் தாழ்ந்துவிடும். தாழவே, அதே குழலில் நீர் ஏறும் உயரமும் 12 சென்டிமீட்டர் அளவிற்குக் குறையும். ஒரு சிட்டிகைத் தூள், மண்ணின் பிடியைப் பாதிக்குமேல் தளர்த்தவல்லது என்பது இதனாற் போதரும்.

இத்தகைய பொருள்களை விஞ்ஞானிகள் பரப்பியங்கிகள் என்பர். ஆங்கிலத்தில் சர்பாக்டன்ட் என்பதும் இதுவே. இவற்றின் ஒவ்வொரு மூலக்கூறும் நீரை விரும்பும் தலையும், நீரை வெறுத்து எண்ணெயை நாடும் வாலும் உடையது. ஆதலின் இவை நீரும் காற்றும் சந்திக்கும் எல்லையில் வந்து கூடுகின்றன. நீரின் பரப்பிற் படியும் பொருள்கள் அதன் இழுவிசையை எங்ஙனம் மாற்றுகின்றன என்பதை முதன்முதல் நுணுகி அளந்தவர்களுள் ஒருவர் ஜெர்மனி நாட்டு ஆக்னஸ் பொக்கல்ஸ் என்னும் பெண்மணி. பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறவாத காலத்தில், இவர் வீட்டிலிருந்தபடியே, எளிய கருவி கொண்டு சோதனை செய்தார். அதனை விவரித்து அவர் எழுதிய கடிதம், ராலே பிரபுவின் முயற்சியால் 1891-ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழில் வெளியாயிற்று. பாத்திரம் கழுவும் நீரையும் அறிவுக்கண் கொண்டு நோக்குதல் இழிவன்று என்பதற்கு இவ்வம்மையார் சான்றாவார்.

இனி, சவர்க்கார நீர் மண்ணிற் புகுந்தால் நிகழ்வன யாவை? மண்ணில் நீர், பிடி தளர்ந்த இடத்திலிருந்து பிடி வலிய இடத்தை நோக்கி நகரும் என்பதை அமெரிக்க விவசாய இலாகாவில் பணியாற்றிய எட்கர் பக்கிங்காம் 1907-ஆம் ஆண்டிலேயே விளக்கினார். அவ்விதியை இங்கே பொருத்திப் பார்ப்போம். நுரை நீர் புகுந்த இடத்திற் பிடி தளர்கின்றது. அடுத்துள்ள தூய ஈரம் வலிந்து இழுக்கின்றது. ஆகவே நீர் கீழே மட்டுமன்றிப் பக்கவாட்டிலும் நகர்கின்றது. புகுந்த இடம் உலர, அயலிடம் நனைகின்றது. இங்கே ஊற்றினோம், இங்கேயே இறங்கும் என்று கணக்கிடுதல் பிழைபடுவதற்கு இஃது ஒரு காரணம்.

இரண்டாவது, மாசுகளைப் பற்றியது. பரப்பியங்கியின் செறிவு ஓர் எல்லையைக் கடந்தால், அதன் மூலக்கூறுகள் வாலை உள்ளும் தலையைப் புறத்தும் வைத்து நுண்ணிய திரள்களாகக் கூடும். துணியிலுள்ள எண்ணெய் அழுக்கு இத்திரள்களுள் ஒளிந்தே நீரோடு வெளியேறுகின்றது. துணியினின்று அழுக்கை நீக்கும் இதே ஆற்றல், மண்மணிகளில் ஒட்டிக் கிடக்கும் எண்ணெயையும் பூச்சிமருந்தையும் கிளப்பி நடக்கச் செய்யவும் கூடும். எண்ணெய் படிந்த நிலத்தைக் கழுவித் தூய்மையாக்க இதனையே பொறியாளர் பயன்படுத்துகின்றனர். வெளிவரும் நீரைப் பிடித்தெடுக்க ஏற்பாடு இருந்தால் அது மருந்து. இல்லையேல், உறங்கிய நஞ்சை எழுப்பிக் கிணற்றிற்கு வழிகாட்டியதாக முடியும்.

மூன்றாவது, மண்ணின் இயல்பே மாறுதல். மூலக்கூறின் தலை மண்மணியைப் பற்றிக்கொள்ள, வால் புறத்தே நீண்டு நிற்குமாயின், அம்மணி நீரை வெறுப்பதாகிவிடும். இஸ்ரேல் நாட்டு நெகேவ் பகுதியில் ஆராய்ந்த அறிஞர்கள், வீட்டுக் கழுநீரை நெடுநாள் பாய்ச்சிய மண்ணில் பரப்பியங்கிகள் தங்கி, நீரை ஏற்கும் ஆற்றல் குறைந்ததை 2006-ஆம் ஆண்டு எடுத்துக்காட்டினர். நீரை நன்கு பரவச் செய்யும் பொருளே, நாளடைவில் மண்ணை நீருக்குப் பகையாக்குதல் வியப்பன்றோ?

இவையனைத்தும் கேட்டு, "அப்படியாயின் தோட்டத்திற்கு ஒரு துளியும் விடவேண்டா" என்று மறுசாரார் மகிழ்வாராயின், அவர்க்கும் ஒரு விடை உண்டு. இன்று சலவைத் தூளிற் பெரிதும் வழங்கும் பரப்பியங்கிகளை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் உண்டு அழிக்கவல்லன; ஆனால் அதற்குக் காற்று வேண்டும். காற்றுள்ள இடம் நிறைவுறா மண்ணின் மேலடுக்கே. அதன்மேல் மெல்லெனப் பரப்பிய நீர் தூய்மையடையும். ஆழக் குழியில் தேக்கிய நீரில் அவ்வழிவு நிகழ்தல் அரிது. அமெரிக்காவில் நியூயார்க் மாகாணத்து லாங் தீவில் வீட்டுக் கழிவுநீரைக் குழிகளில் விட்டு மணற்பாங்கான நிலத்தில் இறங்கவிட்டனர். குடிநீர்க் குழாய்களில் நுரை வந்தது. அங்குள்ள சபக் மாவட்டத்தார் 1971-ஆம் ஆண்டில் சலவைத் தூள்களிற் பெரும்பாலானவற்றின் விற்பனையையே தடுக்க வேண்டியதாயிற்று. சாக்கடை வழியே யாரோ ஒருவர் ஊரின் குழிக்கு நம் நுரையை அனுப்பிவிட்டுக் கை கழுவுதல், அறமும் ஆகாது, அறிவும் ஆகாது.

எளிதில் அழியாத பரப்பியங்கிகளும் உள என்பதை மறத்தலாகாது. விமான நிலையங்களில் எண்ணெய்த் தீயை அவிக்க, 1960-க்குப் பின் பிளோரின் செறிந்த ஒருவகை நுரை வழங்கிவந்தது. அதிலுள்ள பொருள்கள் நீரும் காற்றும் சந்திக்கும் எல்லையிலேயே ஒட்டிக்கொள்வதால், நிறைவுறா மண்ணில் பல்லாண்டுகள் தங்கி, சிறிது சிறிதாகக் கீழிறங்குகின்றன. இவற்றுள் இரண்டிற்கு, அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் 2024-ஆம் ஆண்டு குடிநீரில் வகுத்த எல்லை, லட்சம் கோடிப் பங்கில் 4 பங்கே. தந்தையர் தெளித்த நுரையைப் பேரர் பருக நேர்வதை இது காட்டுகின்றது. "இயற்கைப் பொருளாயின் தீங்கில்லை" என்போரும் சற்றே சிந்திக்க வேண்டும். சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் நுரைப்பது ஒரு பரப்பியங்கியே. அதன் பெயரையன்று, அளவையும் அழியும் தன்மையையும் நோக்கியே தீர்ப்புச் செய்தல் தகும்.

ஆதலின் யான் வேண்டுவன இவை. குளித்த நீரையும் துவைத்த நீரையும் தோட்டத்திற்கே விடுக. ஆனால் ஒரே மரத்தடியில் நாடோறும் கொட்டாது, பாத்தி மாற்றிப் பரப்புக. கிணற்றின் அருகில் விடாதிருக்க. இடையிடையே தூய நீரும் பாய்ச்சுக. அடைமழைக் காலத்தில், துளைகளிற் காற்று ஒழிந்து நீர் விரைந்திறங்கும் ஆதலின், அதனை நிறுத்தி வைக்க. பூச்சிமருந்து தெளித்த பாத்திகளை விலக்குக. எல்லாவற்றினும் முதலாக, கைநிறையத் தூள் அள்ளிப் போடும் வழக்கத்தைக் குறைத்துக்கொள்க. நுரை மிகுதியே தூய்மை மிகுதி என்பது விளம்பரம் கற்பித்த பாடம்.

இவ்வாறு செய்தால் நம் தோட்டத்து மண் கெடுகின்றதா, இல்லையா என்பதை எவரும் எளிதிற் சோதிக்கலாம். உலர்ந்த மண்ணின்மேல் ஒரு துளி நீரை இட்டுக் கடிகாரத்தைப் பார்க்க. உடனே உள்ளிறங்கின் நன்று. 5 நொடிக்கு மேலும் முத்துப்போல் உருண்டு நிற்குமாயின், அம்மண் நீரை வெறுக்கத் தொடங்கிவிட்டது என்க. விஞ்ஞானம் பயிலும் நண்பர்கள் திங்கட்கு ஒருமுறை இதனைச் செய்து விடுதிப் பலகையில் எழுதி வைப்பாராயின், வாதம் செய்வோர் இரு சாரார்க்கும் அவ்வொரு துளியே நடுவராய் நிற்கும்.